டிராலி முன்னால போகப் போக எல்இடி சுவர்ல படம் ஒரு பக்கமா நகருது

சுவர்ப்பக்கம்:
படப்பிடிப்புல பின்னணியைக் காட்டுற வளைந்த எல்இடி சுவர், கேமரா நகர்றதுக்கு ஏத்தபடி படமும் மாறும். 500 × 500 மிமீ கேபினெட் (எல்இடி பலகை), அகலத்துக்கு 20, உயரத்துக்கு 9. பிக்சல் பிட்ச் (பிக்சல்களுக்கு இடைவெளி) 2.84 மிமீ, மூட்டுக்கு 5° வளைவு. படம் ஓடுறது அன்ரியல் இன்ஜின்ல, சுவருக்கு அனுப்புறது அதோட என்டிஸ்ப்ளே. கேமரா மேல மார்க்கர், அதைப் பார்த்து கேமரா இருக்கிற இடத்தை அளக்கிற ஆப்டிகல் டிராக்கிங். 35 மிமீ பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ். கேமரா டிராலி ஓடுற டிராக் சுவரை நோக்கி 4 மீ. மேடையின் நடுக்கோட்டில லேசர் லெவல் அடிச்சு, அதுக்கு நேரா சீன்ல (கணினிக் காட்சியில) ரொம்ப தூரத்துல ஒரு கோபுரம் நிக்குது. பின் கோடியில கோபுரம் லேசர் கோட்டு மேலேயே இருக்கு. முன் கோடிக்கு வந்தா 7 செ.மீ. வலப்பக்கம் தள்ளிப் போயிடுது. சுவரோட மெஷ் (கணினியில இருக்கிற 3டி வடிவம்) கேட் (CAD) வரைபடத்துல இருந்து எடுத்த வழவழப்பான உருளை. லென்ஸ் டிஸ்டார்ஷனை (லென்ஸ் படத்தை வளைக்கிறதை) திருத்தினா சரியாகுமா?

முக்காலி:
டிஸ்டார்ஷன் பக்கமே போகாதீங்க. அதை நிஜ லென்ஸே செஞ்சிடும். ஃப்ரஸ்டத்துலயும் (கேமராவுக்குத் தெரியிற பகுதிக்குச் சுவர்ல வரையிற படம்) போட்டா ரெண்டு தடவை வளையும்.

கேமராவை நிறுத்திப் பாருங்க. நின்னதும் கோபுரம் கோட்டுக்குத் திரும்பினா லேட்டன்சி (படம் தாமதமா வர்றது). நின்னும் விலகியே இருந்தா அளவுல கோளாறு. 4 மீட்டருக்கு 7 செ.மீ.ன்னா சரியா 1°. பாதி தூரத்துல 3.5 செ.மீ. வருதான்னு பாருங்க. வந்தா டிராக்கிங் ஆரிஜின் (அளவு தொடங்குற மூலமும் அச்சுகளும்) சுவரைப் பார்க்க 1° திரும்பி உட்கார்ந்திருக்கு. ஆரிஜினைக் குறிக்கத் தரையில வைக்கிற எல் வடிவ ஸ்கொயரைக் கண்மதிப்பா வச்சா இப்படித்தான் ஆகும்.

யா (இடவலத் திருப்பம்) மதிப்புல 1° போட்டு மறைச்சிடலாம். ஆனா பிட்சும் (மேல்கீழ் சாய்வு) ரோலும் (பக்கச் சாய்வு) சரியா இருக்குன்னு யார் சொன்னா?

அளவுநாடா:
டிராக்கிங்கைத் தொடுறதுக்கு முன்னாடி சுவரை முடிங்க. கேபினெட் மூலைகளை டோட்டல் ஸ்டேஷன்ல (நில அளவைக் கருவி) அளந்து, அதே ஆயங்கள்ல சீன்ல சிலுவைக் குறி வைங்க. சுவர்ப் பரப்பிலேயே இருக்கிற புள்ளி, கேமரா எங்க இருந்தாலும், டிராக்கிங் தப்பா இருந்தாலும் நகராது. அதனால குறி மூலைமேல விழலைன்னா தப்பு மெஷ்லயோ யூவியிலயோதான் (மெஷ் மேல படம் எங்க விழணும்கிற கணக்கு).

உருளையை எடுத்துட்டு கேபினெட்டுக்கு ஒரு தட்டைப் பலகையா மெஷ் கட்டுங்க. 5° மூட்டுக்கு ஆரம் 5.73 மீ, உருளை மூலைகளைத் தொட்டாலும் கேபினெட் நடுவுல 5.5 மிமீ விலகும், கிட்டத்தட்ட 2 பிக்சல். அது சின்ன விஷயம். மூட்டு 5°க்குப் பதிலா 4.8° நின்னா, 19 மூட்டுல 3.8° சேர்ந்துடும். வரைபடத்தை நம்பாம அளக்கச் சொல்றது இதுக்குத்தான்.

பிறகு டோட்டல் ஸ்டேஷன்ல அளந்த 8 புள்ளிகளை டிராக்கிங்லயும் அளங்க. ஒரே கோட்டுல வேண்டாம், உயரமும் மாறணும், மேடை முழுக்கப் பரவணும். ரெண்டு அளவுக்கும் உள்ள பிழையைக் குறைக்கிற லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையில சுழற்சி, நகர்வு ரெண்டை மட்டும் கண்டுபிடிங்க. அன்ரியல்ல இடக்கை அச்சு, இசட் மேல்நோக்கி, அலகு செ.மீ.; டிராக்கர் பக்கம் வலக்கை அச்சா இருந்தா ஒரு அச்சுக்குக் குறி மாத்தணும்.

சுவர்ப்பக்கம்:
நின்னாலும் விலகல் இருக்கு, பாதியில 3.5 செ.மீ. சரியா வந்துச்சு. சுவர்க் குறிகளும் இப்ப மூலையில விழுது. ஆனா 8 புள்ளியில ரெசிடுவல் (பொருத்தின பிறகும் மிஞ்சுற பிழை) 6 மிமீ. ஸ்கேலையும் (அளவு விகிதம்) திறந்துவிட்டா 1 மிமீ.க்கு இறங்குது, ஸ்கேல் 1.003. அப்படியே வச்சுக்கலாமா?

அளவுநாடா:
வேண்டாம். 1.003ன்னா டிராக்கர் மீட்டருக்கு 3 மிமீ தப்பா அளக்குதுன்னு அர்த்தம். கேலிபரேஷனுக்கு ஆட்டுற குச்சியான வாண்டோட நீளத்தை மென்பொருள்ல சரிபார்த்து, கேலிபரேஷனைத் திரும்ப ஓட்டுங்க. ஸ்கேலை 1ல பூட்டியே 2 மிமீ.க்குள்ள வரணும்.

முக்காலி:
அது முடிஞ்சதும் நோடல் ஆஃப்செட். சீனுக்கு வேண்டிய புள்ளி சென்சார் இல்ல, லென்ஸோட என்ட்ரன்ஸ் ப்யூபில் (முன்னால இருந்து பார்த்தா லென்ஸ் துளை தெரியிற இடம்). டிராலியைப் பூட்டி கேமராவை 30° பான் பண்ணுங்க (பக்கவாட்டுல திருப்புங்க). ப்யூபில் நகர்ற சில செ.மீ.க்கு மேல கோபுரம் சுவர்ல நகர்ந்தா மார்க்கரிலிருந்து ப்யூபில் வரைக்கும் உள்ள ஆஃப்செட் தப்பு. பிரைம் லென்ஸ்ல ஒரே மதிப்பு பெரும்பாலும் போதும். ஜூம்ல குவியதூரம் மாறும்போது ப்யூபிலும் இடம் மாறும், அதனால பல குவியதூரத்துக்கு அட்டவணை போடணும். மார்க்கர் பிளேட்டை யாராவது கழட்டி மாட்டினா இந்த ஒரு படியை மட்டும் திரும்பச் செய்ங்க.