படகு–நீரோட்டக் கணக்கு: 25 ஏன் தப்பு?

பாறசாலை_தேர்வர்
நிலையான நீரில் வள்ளத்தின் வேகம் மணிக்கு 10 கி.மீ., நீரோட்டத்தின் வேகம் 2 கி.மீ. ஓரிடத்துக்குப் போய்த் திரும்ப மொத்தம் 5 மணி நேரம். தூரம் என்ன? போகும்போது ஆறு கூட்டித் தரும் 2, வரும்போது கழிந்துவிடும். அப்போ சராசரி 10 தானே? 5 மணிக்கு 50, ஒரு பக்கம் 25 கி.மீ. விடைக்குறிப்பில் 24 இருக்கு. சூத்திரம் வேண்டாம், காரணம் சொல்லுங்க அண்ணே.

குழித்துறை_கணக்கு
தம்பி, கூட்டுவதும் கழிப்பதும் அதே 2 தான். ஆனா ஒரே அளவு நேரத்துக்கு இல்ல. 24 கி.மீ. என்றே வைத்துப் பாருங்க. ஆற்றோடு போக வேகம் 12, 2 மணி நேரம். எதிர்த்து வர வேகம் 8, 3 மணி நேரம். ஆறு தள்ளிவிட்டது 2 × 2 = 4 கி.மீ., பின்னுக்கு இழுத்தது 3 × 2 = 6 கி.மீ. நிகரமா 2 கி.மீ. நட்டம். உங்க 50-ல் அந்த 2 போனால் 48, பாதி 24. எதிர்த்து வரும் நேரம்தான் எப்பவும் அதிகம், அதனால சராசரி வேகம் நிலைநீர் வேகத்துக்குக் கீழேதான் நிக்கும். இங்கே அது 9.6.

பரீட்சையில் இப்படிப் போடுங்க: 12, 8 இரண்டுக்கும் மீ.சி.ம. 24. தூரம் 24 என்றால் 2 + 3 = 5 மணி நேரம். கேள்வியிலும் 5, முடிஞ்சது. ஏழரை மணி என்று கேட்டிருந்தால் ஒன்றரை மடங்கு, 36 கி.மீ.

செறுவாரகோணம்_டீச்சர்
இந்த வகையில் 25-ஐயும் விடைத்தெரிவில் வைப்பாங்க, பார்த்துக்கோங்க. கேரள பி.எஸ்.சி. என்றால் தப்புக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழியும்.

பிள்ளைகள் அதிகம் தவறும் இடம் வேற ஒண்ணு. ஆற்றோடு 12, எதிர்த்து 8 என்று கொடுத்து நீரோட்ட வேகம் கேட்டால், கழித்து 4 என்று எழுதிடுவாங்க. ஒன்று கூட்டினது, மற்றது கழித்தது. இடைவெளியில் நீரோட்டம் இரண்டு தடவை இருக்கு. அதைப் பாதியாக்கணும்: 2. நிலைநீர் வேகம் இரண்டையும் கூட்டிப் பாதி: 10.

பாறசாலை_தேர்வர்
இப்போ பிடிபட்டது. எதிர்த்துப் போக இரண்டு மடங்கு நேரம் ஆனால் வள்ளத்துக்கும் நீரோட்டத்துக்கும் வேக விகிதம் 2:1 தானே டீச்சர்?

செறுவாரகோணம்_டீச்சர்
இல்ல மக்கா, 3:1. தூரம் ஒன்றுதான், நேரம் 1:2, அதனால போகும் வேகமும் வரும் வேகமும் 2:1. அந்த 2, 1-ஐக் கூட்டிப் பாதி ஒன்றரை, கழித்துப் பாதி அரை. மூன்று மடங்கு நேரம் என்றால் 3, 1: கூட்டினால் 4, கழித்தால் 2, விகிதம் 2:1. நீரோட்டம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வந்தால் முதலில் 18/5-ஆல் பெருக்கி கி.மீ.க்கு மாத்திடுங்க.

குழித்துறை_கணக்கு
காரணம் கேட்கிறவங்களுக்கு இதைத் தரணும். குழித்துறைப் பாலத்தடியில் இருந்து மூவாற்றுமுகம் பக்கமா வள்ளம் எதிர்த்து ஏறுது. பாலத்தடியிலேயே காலிக்குடம் ஒன்று தண்ணியில் விழுந்து மிதக்குது. 15 நிமிடம் கழித்துக் கவனித்து, அதே வேகத்தில் துழைந்து திரும்பி, பாலத்துக்கு 1 கி.மீ. கீழே குடத்தைப் பிடிக்கிறாங்க. நீரோட்ட வேகம் என்ன? வள்ளத்தின் வேகம் தரமாட்டேன்.

பாறசாலை_தேர்வர்
குடத்தையும் வள்ளத்தையும் ஆறு ஒரே அளவு இழுக்குது. அதனால குடத்தைவிட்டு விலக 15 நிமிடம் என்றால் திரும்பி வந்து சேரவும் 15. அரை மணியில் குடம் 1 கி.மீ. மிதந்திருக்கு. மணிக்கு 2 கி.மீ. சரியா அண்ணே?

குழித்துறை_கணக்கு
சரி. வள்ளம் 5-ல் போனாலும் 15-ல் போனாலும் அதே 2 தான்; இரண்டையும் வைத்து ஒரு தடவை போட்டுப் பாத்திடுங்க.