உடன்பாடா, ஒருமுடிவா?

வணக்கம். வலையமைப்பில் இணைந்த பல கணினிகள் ஒரே மதிப்பை முடிவுசெய்ய வேண்டிய சிக்கலை ஆங்கிலத்தில் 'கன்சென்சஸ்' (consensus) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கருத்தொற்றுமை' என்ற சொல் வேண்டாம் என்பது என் எண்ணம். 'உடன்பாடு' அதைவிட நல்ல சொல், ஆனால் அதுவும் போதாது.

இந்தச் சிக்கலில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. பழுதில்லாத கணினிகள் எல்லாம் ஒரே மதிப்பைத் தேர வேண்டும். அந்த மதிப்பு, முன்வைக்கப்பட்டவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம், ஒவ்வொன்றும் என்றைக்காவது முடிவெடுத்தே தீர வேண்டும். முதல் நிபந்தனைக்கு 'உடன்பாடு' கச்சிதமான பெயர். அதையே முழுச் சிக்கலுக்கும் வைத்துவிட்டால், விளக்கி எழுதுகிறவர் அடுத்த பத்தியிலேயே தடுமாறுவார்.

உண்மையான சிரமம் மூன்றாவதில்தான். செய்தி வந்துசேரக் காலக்கெடு இல்லாத வலையமைப்பில் ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்றாலும், தற்செயலை (நாணயம் சுண்டுவது போன்றதை) நாடாத எந்த வழிமுறையாலும் மூன்றையும் சேர்த்து உறுதி செய்ய முடியாது. பிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற கணினி அறிவியலாளர்கள் மூவரும் 1985இல் இதை நிறுவினார்கள். பதில் தராத கணினி நின்றேவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா என்று மற்றவற்றுக்குத் தெரிய வழியில்லை. காத்திருந்தால் முடிவே வராமல் போகலாம். விட்டுவிட்டு நடந்தால், அது பிறகு வேறொரு முடிவோடு வந்து நிற்கலாம். இந்தச் சிக்கலுக்கென வகுக்கப்பட்ட பாக்சோஸ் (Paxos) நெறிமுறை உடன்பாட்டை ஒருபோதும் விட்டுக்கொடுக்காது. நிலைமை மோசமானால் முடிவைத் தள்ளிப்போடும்.

அதனால்தான் 'ஒருமுடிவு' என்கிறேன். தமிழில் 'முடிவு' என்றால் தீர்மானம், முடிந்துபோவதும் அதுவே. "ஒரு முடிவுக்கு வந்தாயிற்றா?" என்று கேட்கும்போது இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம். இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டாம். பிரித்து எழுதினால் 'ஏதோ ஒரு முடிவு' என்றாகிவிடும், சரி, அது குறைதான். சேர்த்தே எழுதுவோம்: ஒருமுடிவு காணுதல், ஒருமுடிவு நெறிமுறை.

செய்தி வந்துசேரக் காலக்கெடு இல்லாத வலையமைப்பைக் குறிக்கும் 'ஒத்திசைவற்ற வலையமைப்பு' (asynchronous network) என்பதையும் மாற்றலாம். இசைவு என்றாலே சம்மதம் என்ற பொருள் வருவதால், அங்கே ஒருமுடிவு காண்பது முரணாகத் தோன்றும். 'காலக்கெடுவற்ற' என்றால் இல்லாதது எது என்று நேராகத் தெரியும்.

பைசாந்தியப் பழுதுக்கு (Byzantine fault), அதாவது ஒரு கணினி நிற்காமல் தாறுமாறாக நடந்துகொள்ளும் பழுதுக்கு, மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. 'புரட்டுப் பழுது' என்றால் வஞ்சகம் தொனிக்கிறது. நினைவகக் கோளாறால்கூட ஒரு கணினி ஆளுக்கொரு மதிப்பை அனுப்பலாமே. 'மாற்றுரைப் பழுது' என்று யோசித்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.