கொடைத் தளத்துக்கு ஏழு அட்மின் எதற்கு?

கீழத்தெரு:
எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் ஒரு இணையதளம் உண்டு. வரிப் பட்டியல், வரவு செலவு, படங்கள் எல்லாம் அதில்தான். கமிட்டியில் ஏழு பேர், ஏழு பேரும் அட்மின், அதாவது தளத்தில் எதையும் மாற்றலாம், ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். போன மாதம் சென்னைக்கு வேலைக்குப் போன தம்பியின் கணக்கை ஒருவர் நீக்கினார். அவன் போட்ட பதிவுகளை வேறொருவர் பேருக்கு மாற்றவா, மொத்தமாக நீக்கவா என்று தளம் கேட்டிருக்கிறது. இவர் மொத்தமாக நீக்கிவிட்டார். மூன்று வருடக் கொடை போச்சு. இனி ஒரே அட்மின் போதும் என்கிறேன்.

மேலத்தெரு:
நானும் அதே கமிட்டிதான். ஒருத்தர் கை தவறியதற்கு ஆறு பேர் சாவியைப் பிடுங்குவதா? சாமக்கொடை நடக்கும்போது அந்த ஒரே அட்மின் மைக் செட்டுக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார். போனை எங்கே எடுப்பார்? துபாயில் இருக்கிறவன் ராத்திரியே முளைப்பாரி பார்க்க வேண்டாமா?

பாளையங்கோட்டைக்காரன்:
படம் போட அட்மின் எதற்கு அண்ணாச்சி? அதைவிடக் குறைந்த உரிமையான ஆத்தர் போதும். படம் ஏற்றலாம், தன் பதிவைத் தானே வெளியிடலாம், அடுத்தவர் பதிவில் கை வைக்க முடியாது. கான்ட்ரிபியூட்டர் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதில் எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். படமும் ஏறாது, வெளியிடவும் முடியாது.

கீழத்தெரு, குப்பைத்தொட்டியைப் பார்த்தீர்களா? பதிவுகள் 30 நாள் அதில் கிடக்கும்.

கீழத்தெரு:
பார்த்தோம். பதிவுகள் திரும்பி வந்தன, படங்கள் வரவில்லை. 'கணியான் கூத்து, இரண்டாம் நாள்' என்று தலைப்பு இருக்கிறது, கீழே வெறும் கட்டம்.

மேலத்தெரு:
சரி, படத்துக்கு ஆத்தர். வரவு செலவை யார் திருத்துவது?

பாளையங்கோட்டைக்காரன்:
அதைப் பதிவாக (போஸ்ட்) போடாமல் தனிப் பக்கமாக (பேஜ்) வையுங்கள். ஆத்தரால் பக்கத்தைத் தொட முடியாது. பொருளாளருக்கு எடிட்டர் கொடுங்கள். எடிட்டர் எல்லார் பதிவையும் பக்கத்தையும் திருத்தலாம், ஆனால் ஆளைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அட்மின் இரண்டு பேர் வையுங்கள், உண்டியலுக்கு இரண்டு சாவி மாதிரி.

மேலத்தெரு:
உண்டியலை இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். இங்கே ஒரு அட்மின் நினைத்தாலே எல்லாம் காலி. இன்னொன்றையும் கீழத்தெரு சொல்லவில்லை: பொருளாளர் கணக்கில் மூன்று பேர் நுழைகிறோம், பாஸ்வேர்டு வரி நோட்டின் பின்அட்டையில் எழுதியிருக்கிறது. யார் திருத்தினாலும் தளத்தின் திருத்த வரலாற்றில் பொருளாளர் பேர்தான் விழும்.

பாளையங்கோட்டைக்காரன்:
உண்டியல் உதாரணம் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே அட்மின் வைத்து, அவர் போனும் மெயிலும் கைவிட்டுப் போனால், தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங்காரர் வாசலில்தான் நிற்க வேண்டும். முதலில் அந்தப் பின்அட்டையைக் கிழியுங்கள்.

கீழத்தெரு:
சரி, அட்மின் இரண்டு. வாரா வாரம் பேக்கப் எடுத்து வெளியே ஒரு பென்டிரைவில் வைப்பதும் அவர்கள் வேலை.

மேலத்தெரு:
அந்த இரண்டு பேர் யாரென்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசுவோம். நீர் உம்ம பேரை முதலிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்.