சட்டைக் கையை மடித்துவிட்டு போட்டி மேட் மீது ஏறியவர்கள் வரிசையில் வாருங்கள்: கராத்தே கி (கராத்தே உடை) வாங்கிய அனுபவங்கள்

பிரவுன் பெல்ட்

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். முதல் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது புது கி வாங்கினேன். என் உயரம் 168 செ.மீ. அளவு அட்டையில் 3 என்றால் 160, 4 என்றால் 170, 5 என்றால் 180 என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. ஆனால் "பருத்தித் துணி, துவைத்தால் சுருங்கும்" என்று ஆளாளுக்குச் சொன்னதில் கெட்டிக்காரத்தனமாக 5 எடுத்துவிட்டேன். சுருங்க வேண்டுமென்றால் அதைத் துவைக்க வேண்டும் இல்லையா? புதுசு, பளிச்சென்று இருக்கட்டும் என்று கவரைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

போட்டியன்று காலையில் போட்டுப் பார்த்தால் சட்டைக் கை என் விரல் முட்டி வரை தொங்குகிறது. இரண்டு மடிப்பு மடித்துவிட்டுப் போய் நின்றேன். மேட் அருகில் இருந்த நடுவர் பார்த்த உடனே, "மடிக்கக் கூடாது, இறக்கிவிடு" என்றார். இறக்கினேன். "இவ்வளவு நீளமும் கூடாது" என்றார். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி கை மணிக்கட்டு மடிப்பைத் தாண்டக் கூடாது, முன்கையில் பாதிக்கு மேலே ஏறவும் கூடாது. பேன்ட் முழங்காலுக்குக் கீழே மூன்றில் இரண்டு பங்காவது மூட வேண்டும், கணுக்கால் எலும்பைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சரிசெய்ய ஒரு நிமிடம் கொடுத்தார்கள். அப்போதுதான் ஆடி முடித்து வந்த நண்பனின் சட்டையை உருவிப் போட்டுக்கொண்டேன். அவன் வியர்வை முழுக்க அதில்தான் இருந்தது. தோற்றதற்கு அந்தச் சட்டையைக் குறை சொல்ல மாட்டேன், எதிராளி நன்றாக ஆடினான். ஆனால் அந்த ஈரம் இன்னும் முதுகில் இருக்கிறது.

இரட்டையரின் அம்மா

தம்பி, நீங்கள் ஒரு அளவுதான் கூட்டி வாங்கினீர்கள். வளர்கிற பிள்ளைகள் ஆயிற்றே என்று நான் இரண்டு அளவு கூட்டி வாங்கினேன். முன்னுதை போடும்போது பின்காலில் பேன்ட் சிக்கிப் பையன் குப்புற விழுந்தான். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். இப்போது ஒரே ஒரு அளவு பெரிதாக வாங்கி, ஓரத்தை உள்பக்கமாக மடித்துக் கைத்தையல் போட்டு விடுகிறேன். வளர வளரப் பிரித்துவிடலாம். மடித்துத் தைத்தது வேறு, சுருட்டிவிட்டது வேறு.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவே மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்டே வாங்குங்கள். நாடா பேன்ட் பார்க்க அசலாக இருக்கும். ஆனால் பாத்ரூம் அவசரத்தில் ஆறு வயதுப் பிள்ளையால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

கட்டாப் பைத்தியம்

என் கதை சத்தம் பற்றியது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-இல், ஜப்பானின் ரியோ கியூனா கட்டாவில் (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்துகாட்டும் பிரிவு) தங்கம் வென்றதைப் பார்த்துவிட்டு எனக்கும் அந்த மாதிரிக் கனமான கேன்வாஸ் கி வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதுவரை என்னிடம் இருந்தது 8 அவுன்ஸ் (துணியின் கனத்தை இப்படித்தான் சொல்வார்கள்), பள்ளிச் சட்டை மாதிரி. சேர்த்துவைத்து 14 அவுன்ஸ் வாங்கினேன். பெட்டியில் இருந்து எடுத்தால் அட்டை போல மொடமொடவென்று நிற்கிறது. கழுத்துப் பட்டை உரசி முதல் வாரமே கழுத்தில் சிவந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் 'பட்'டென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அடடா! நான் எங்கேயோ போய்விட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மாஸ்டர் இரண்டு நாள் கவனித்தார். மூன்றாம் நாள், "பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வா" என்றார். அதே கட்டா, அதே குத்து, சத்தம் மட்டும் காணோம். "இத்தனை நாள் குத்தியது நீயா, துணியா?" என்று கேட்டார். அதிலிருந்து தினசரிப் பயிற்சிக்கு 10 அவுன்ஸ், போட்டிக்கும் அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் மட்டும் கனமானது. புழுக்கமான நாளில் வியர்வை ஏறிய 14 அவுன்ஸோடு இரண்டு மணி நேரம் இருப்பது ஈரப் போர்வையைச் சுமப்பது போல. இருந்தாலும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், அதை மறுக்க மாட்டேன்.

முன்பு ஜூடோ, இப்போது கராத்தே

மேலே எழுதியவருக்கு ஒரு செய்தி. இந்த உடையே ஜூடோவிலிருந்து வந்ததுதான். 1922-இல் கராத்தே ஆசான் ஃபுனாகோஷி ஓகினாவாவிலிருந்து டோக்கியோ வந்து, ஜூடோவை உருவாக்கிய கானோவின் கோடோகான் பள்ளியில் கராத்தே செய்துகாட்டிய காலத்தில்தான் கராத்தேக்காரர்கள் அந்த வெள்ளை உடைக்கும் பெல்ட்டுக்கும் மாறத் தொடங்கினார்கள். ஜூடோவில் சட்டையைப் பிடித்து இழுத்துத் தூக்கிப் போட வேண்டும், அதற்குத் தடித்த நெசவு தேவை. கராத்தேக்கு அவ்வளவு வேண்டாம். இது தெரியாமல் நான் பழைய ஜூடோ கியோடு கராத்தே வகுப்புக்குப் போய் ஒரு மாதம் வெந்தேன். அப்புறம், சட்டையைப் போடும்போது இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் ஜப்பானில் பிணத்துக்கு உடுத்தும் முறை.

குமிதே மட்டும்

நான் எதிர்க்கட்சி. குமிதேவுக்கு, அதாவது எதிராளியோடு நேருக்கு நேர் மோதுவதற்கு, சத்தம் தேவையில்லை, தோள் லேசாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த மெல்லிய கி, பக்கவாட்டில் வலைத்துணி வைத்தது, அதுதான் எனக்குச் சரி. ஒரே குறை, வியர்த்தால் உள்ளே இருப்பது தெரியும். பெண்கள் உள்ளே வெள்ளை டீ-ஷர்ட் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எழுத்து, படம் எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும். நெஞ்சில் பூனை படம் போட்ட டீ-ஷர்ட்டோடு போன ஆள் நான்தான்.

சட்டையின் பக்க நாடாவையும் இழுத்துப் பாருங்கள். ஒருமுறை முதல் சுற்றில் என் நாடா பிய்ந்து வந்துவிட்டது. நாடா இல்லாத சட்டையோடு அடுத்த சுற்றுக்கு விட மாட்டார்கள். பக்கத்து அணியின் அக்கா ஒருவர் ஊசி நூலோடு ஓடிவந்து, என்னை நிற்கவைத்தே தைத்தார். இப்போது என் பையில் பல்கார்டுக்குப் பக்கத்திலேயே ஊசி நூல் இருக்கிறது. சிவப்பு, நீல பெல்ட் இரண்டும்கூட. போட்டியில் ஒருவருக்குச் சிவப்பு, எதிராளிக்கு நீலம்; சொந்த பெல்ட்டை அங்கே கட்ட முடியாது.

வெள்ளையாக்கப் போனவன்

சின்ன அனுபவம். மஞ்சள் பூத்த கியை பிளீச்சில் ஊறவைத்தேன். இன்னும் மஞ்சளானது. அடுத்த மாதம் பக்கவாட்டு உதை போடும்போது தொடையிடுக்கில் 'டர்ர்'. வகுப்பில் நாற்பது பேர். இனிமேல் பச்சைத் தண்ணீர், நிழலில் காயப்போடுவது, அவ்வளவுதான்.

பிரவுன் பெல்ட்

எல்லோருக்கும் நன்றி. இந்த முறை 4 வாங்கி, வந்த அன்றே மூன்று தடவை துவைத்துக் காயவைத்துவிட்டேன். பிறகு கடைசி வரை குனிந்து உட்கார்ந்து பார்த்தேன், தலை உயரத்துக்கு உதைத்துப் பார்த்தேன், கையை முழுதாக நீட்டிக் குத்தியும் பார்த்தேன். கை சரியாக மணிக்கட்டில் நிற்கிறது. பேன்ட் மட்டும் கணுக்கால் எலும்பில் உரசுகிறது. இரட்டையரின் அம்மா, அந்தக் கைத்தையலை எப்படிப் போடுவது என்று கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா.

அப்புறம், 180 செ.மீ. உயரத்தில் யாராவது இருக்கிறீர்களா? ஒரு 5 கிடக்கிறது. ஒரே ஒரு நாள், அதுவும் பத்து நிமிடம் போட்டது.