புது போனில் பச்சைக் கோடு, கடைக்காரர் கை விரிக்கிறார்

மடிப்பாக்கம்வாசி: பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் போன வாரம் வாங்கிய போன், அதற்குள் திரையில் பச்சைக் கோடு. வாங்கும்போது எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுங்க, டெம்பர்டு கிளாஸ் போடுங்க என்று சுற்றி நின்றவர்கள் இப்போது சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

செல்வி: பில் பத்திரம். சர்வீஸ் சென்டரில் போனை வாங்கிக்கொண்டு தரும் ஜாப் ஷீட்டில் பச்சைக் கோடு என்றே எழுதச் சொல்லுங்கள், மொட்டையாக டிஸ்ப்ளே பிரச்சினை என்று எழுதினால் அப்புறம் வாதாடுவது கஷ்டம்.

தஞ்சை ரவி: விற்றவர் மீதும் புகார் கொடுக்கலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

பழைய சேல்ஸ்மேன்: கவுன்ட்டர் பையன்களைத் திட்டாதீர்கள், அவர்களில் பலர் போன் கம்பெனி அனுப்பிய ஆட்கள், மாற்றித் தரும் அதிகாரம் அவர்களிடம் கிடையாது. மேனேஜருக்கு மெயில் போடுங்கள்.