மறு: இன்ஹெரிட் ஆகும் பண்புகளுக்குச் சொல் (எஸ்விஜி பகுதி)

> 'மரபுரிமை' ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே இங்கும் வைத்துக்கொண்டால் என்ன?

வணக்கம்.

எஸ்விஜி, படங்களைக் குறிமொழியில் எழுதும் முறை. அதில் வெளி உறுப்புக்குக் கொடுத்த பண்பு உள்ளே இருப்பவற்றுக்கும் கிடைப்பதுதான் இன்ஹெரிட். அதற்கு நம் சொற்பட்டியலில் 'மரபுரிமை' என்றே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தச் சொல் பொருள்நோக்கு நிரலாக்கத்தில் (ஆப்ஜெக்ட்-ஓரியண்டட் ப்ரோகிராமிங்) ஊன்றிவிட்டது. அங்கே 'நாய்' வகுப்பு 'விலங்கு' வகுப்பின் பண்புகளைப் பெறுவது, நாயும் ஒரு விலங்கு என்பதால். எஸ்விஜியில், பலவற்றைக் குழுவாக்கும் ஜி உறுப்புக்குள் கிடக்கும் டெக்ஸ்ட் (எழுத்து உறுப்பு) ஜியின் ஒரு வகை அல்ல. உள்ளே இருக்கிறது, அதனால் கிடைக்கிறது.

ஜி திரையில் எதையும் வரைவதில்லை. ஆனாலும் அதில் ஃபாண்ட்-சைஸ் (எழுத்தளவு) 20, ஃபில் (நிரப்பு நிறம்) நீலம் என்று கொடுத்தால் உள்ளே உள்ள எழுத்தெல்லாம் அந்த அளவில், அந்த நிறத்தில் வரும். எழுத்தின் சீரமைப்பைக் குறிக்கும் டெக்ஸ்ட்-ஆங்கரும் அப்படியே. ஒரு டெக்ஸ்டுக்கு மட்டும் சிவப்பு என்று எழுதினால், நிறம் அதனுடையது, அளவு மேலிருந்து வருவது.

ஓரிடத்தில் எழுதியதை வேறிடத்தில் மறுபடி வரவழைக்கும் யூஸ் உறுப்பு வரும்போதுதான் 'மரபு' மாட்டிக்கொள்கிறது. டெஃப்ஸில் (நேரே வரையாமல், பிறகு பயன்படுத்த வைத்திருக்கும் பகுதி) ஒரு நீல ஜிக்குள் டெக்ஸ்ட் இருக்கிறது என்று வையுங்கள். அந்த டெக்ஸ்டை மட்டும் யூஸால் ஒரு பச்சை ஜிக்குள் அழைத்தால், எழுத்து பச்சையாக வரும். பிறந்த வீட்டு நிறம் வராது, வந்து சேர்ந்த வீட்டு நிறம்தான். இதை மரபு என்று எப்படிச் சொல்வது?

என் பரிந்துரை 'வழிவரு பண்பு'. எதிர்ச்சொல்லும் சிரமமில்லாமல் கிடைக்கிறது: 'வழிவராப் பண்பு'. 'மரபுரிமையற்ற பண்பு' என்று எழுதிப் பாருங்கள், வாய் வலிக்கும்.

இந்த எதிர்ச்சொல் நமக்குக் கட்டாயம் வேண்டும். ஜியில் ஃபில்-ஒபாசிட்டி (நிரப்பு நிறம் எவ்வளவு ஒளிபுகாதது என்பது) 0.5 கொடுத்தால் அது வழிவரும். ஒவ்வொரு டெக்ஸ்டும் தனித்தனியே பாதி ஒளிபுகுவதாகி, ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் அடர்த்தியாகத் தெரியும். வெறும் ஒபாசிட்டி (உறுப்பு முழுவதற்குமான ஒளிபுகாமை) 0.5 கொடுத்தால் அது வழிவராது. குழு முழுவதையும் வரைந்து முடித்த பிறகு மொத்தமாக மங்கவைக்கும். மேல்விழும் இடம் தனியாகத் தெரியாது. பார்வைக்கு இரண்டும் 'கீழே இறங்கியது' போலத்தான் இருக்கும், அதனால்தான் மொழிபெயர்ப்பில் குழம்புகிறது.

'தாயம்' என்றும் ஒரு யோசனை வந்திருந்தது. பொருள் சரியே, 'தாயாதி'யில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் கேட்டதும் காதில் கட்டைதான் உருளும். வேண்டாமே.

அப்புறம், சொற்பட்டியலில் ஒபாசிட்டி, ஃபில்-ஒபாசிட்டி இரண்டுக்கும் 'ஒளிபுகாமை' என்றே இருக்கிறது. பின்னதை 'நிரப்பு ஒளிபுகாமை' என்று மாற்றலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.