'வுல்கேதரிங்': தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

வணக்கம். ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் பென்சில் முனையைக் கடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பையனிடம் டீச்சர், "வுல்கேதரிங் அகெய்ன்?" என்கிறார். அவசரத்தில் "மறுபடியும் கம்பளி பொறுக்குகிறாயா?" என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் தேடியதில் புரிந்தது. இங்கிலாந்தில் ஆடுகள் உரசிப்போகும் வேலியிலும் முட்புதரிலும் ரோமம் கொத்துக்கொத்தாகச் சிக்கியிருக்கும். அதைப் பொறுக்கப் போகிறவர் இந்தப் புதரில் கொஞ்சம், அந்தப் புதரில் கொஞ்சம் என்று அலைய வேண்டியதுதான். 16-ஆம் நூற்றாண்டிலேயே அலைபாயும் மனசுக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

'பகல் கனவு' என்றால் நடக்காத ஆசை என்று தொனிக்கிறது. 'மனக்கோட்டை' அதைவிட மோசம். இந்தப் பையன் எதற்கும் ஆசைப்படவில்லை, மனசு சும்மா திரிகிறது, அவ்வளவுதான். 'பராக்குப் பார்க்கிறாயா' கிட்டே வருகிறது, ஆனால் அது கண்ணின் வேலை. இப்போதைக்கு "புத்தி எங்கே மேயப் போயிருக்கு?" என்று வைத்திருக்கிறேன். ஆடு இல்லாவிட்டாலும் மேய்ச்சல் வந்துவிட்டதே என்று கொஞ்சம் பெருமைதான். ஆனால் டீச்சர் பாதி கொஞ்சலாகக் கேட்கிறார், இது அதட்டுவதுபோல இருக்கிறது.

உங்கள் வீட்டில், பள்ளிக்கூடத்தில் இப்படி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் என்ன கேட்பார்கள்? இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: இந்தச் சொல் இன்றும் பேச்சில் காதில் விழுகிறதா, இல்லை பாட்டி காலத்து வாடை அடிக்கிறதா?